ராக்காயி அரித்த ஆறு

வீரய்யா வீசிய தட்டு லயத்து வீட்டு வாசலைத் தாண்டி, சாக்கடைக் கானைத் தாண்டி, பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மீனம்மா போட்டிருந்த கீரைப் பாத்தியில் போய் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தவர்கள், விறகு பிளந்துகொண்டிருந்தவர்கள், எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இன்னிக்கு ஆத்துப் பக்கம் போனே, கால ஒடிச்சிருவேன்" என்று கத்தினான் வீரய்யா.

ராக்காயி இறங்கிப் போய்த் தட்டை எடுத்தாள். கீரைத்தண்டு இரண்டு மூன்று முறிந்து கிடந்தது. "கோவிச்சுக்காத மீனம்மா" என்றாள். தட்டின் விளிம்பு நெளிந்திருந்தது. கல்லின்மேல் வைத்துக் குதிகாலால் மிதித்து நிமிர்த்திக்கொண்டு, புருஷனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"சோறாக்கியாச்சு. துணி தொவச்சாச்சு. வெறகு கொண்டாந்தாச்சு. புள்ளைங்க ரெண்டும் தின்னுட்டு வெளையாடுதுங்க. இன்னும் என்னா வேல பாக்கி இருக்கு, சொல்லுங்க."

"வேல இல்லேன்னா படுத்துக் கெட."

"நீங்க கடுதாசி வெளையாடப் போறீங்களே, என்னிக்காச்சும் ஏன்னு கேட்டேனா?"

"நான் ஆம்பள."

அந்தப் பேச்சுக்கு மேலே பேச என்ன இருக்கிறது? ராக்காயி தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆற்றுப் பாதையில் இறங்கினாள். காலை ஒடிக்க யாரும் பின்னால் வரவில்லை. அவள் தலை மறைந்ததும் வீரய்யா சட்டையை மாட்டிக்கொண்டு காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக் கொட்டகைக்குக் கடுதாசிச் சீட்டு விளையாடப் போய்விட்டான்.

இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்குக் கீழே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ராக்காயியை எல்லாருக்கும் தெரியும். கொழுந்து பறிப்பதில் கை வேகமானவள். வாய் அதைவிட வேகம் என்பார்கள். முப்பது வயதைத் தாண்டியவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமையானால் ஆற்றில் இறங்கி மண் அரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது லயத்துக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது.

இந்த வேலையைத் தோட்டத்தில் தொடங்கி வைத்தது அவளல்ல, தோட்டத்தை நடத்திவந்த முந்தின தொரை. அந்த வெள்ளைக்காரர் ஞாயிறு தவறாமல் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, புகையும் சுங்கானைக் கடித்துக்கொண்டு ஆற்று வளைவில் வந்து குந்துவார். மண் வெட்டிப் போட ஆள், தேத்தண்ணி கொண்டுவர பங்களாச் சமையல்கார அப்பு என்று ஒரு கூட்டமே பின்னால் நிற்கும். தோட்டத்துச் சனம் அவரை 'மண்ணுத்தொரை' என்று சொல்லும். கேலி கொஞ்சம், பிரியம் கொஞ்சம். ஏதாவது கிடைத்ததா என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அன்றன்றே கூலி தரும் கைக்காசு வேலைக்கு ஆற்றோரத்து மலையில் புல்லு வெட்டப் போகும்போதெல்லாம், ராக்காயி நிமிர்ந்து நின்று அவர் தட்டைச் சுழற்றுவதைப் பார்ப்பாள். அங்கே வேலை வாங்கும் கங்காணி அதட்டினால் குனிவாள். அவர் அந்தப் பக்கம் திரும்பினால் மறுபடி பார்ப்பாள்.

தொரை தோட்டத்தை விட்டுச் சீமைக்கே திரும்பிப் போனபோது பங்களாவுக்குப் பின்னால் கிடந்த குப்பையில் அந்தத் தட்டு இருந்தது. கோழிக்குத் தீனி வைக்கலாம் என்றுதான் எடுத்து வந்தாள். ஒரு ஞாயிறு, துணி துவைக்க ஆற்றுக்குப் போனவள், சும்மா செய்து பார்ப்போமே என்று மணலை அள்ளினாள்.

தண்ணீரில் அமிழ்த்தி, சாய்த்து, மெல்லச் சுழற்ற வேண்டும். கல்லைக் கையால் பொறுக்கி எறிய வேண்டும். சேறு கரைந்து போகும், பிறகு வெள்ளை மணல் போகும். கடைசியில் தட்டின் ஓரத்தில் கருமணல் ஒரு கோடு போல நிற்கும். அவசரப்பட்டால் அதுவும் போய்விடும். எத்தனையோ ஞாயிறு அந்தக் கருமணலை மட்டும்தான் பார்த்தாள். ஒரு நாள் அதன் நடுவில் மஞ்சளாக ஒரு பொட்டு. கடுகில் கால்வாசிகூட இருக்காது. வெயில் மறைந்த பிறகும் அது மின்னியது. ராக்காயி அதை ஈர விரலில் ஒற்றி எடுத்து, மூச்சுவிடப் பயந்துகொண்டு, வெகுநேரம் பார்த்தபடி இருந்தாள்.

யூக்கலிப்டஸ் தைலம் வந்த சின்னப் போத்தல் ஒன்றைக் கழுவி, தண்ணீர் ஊற்றி, அதற்குள் போட்டு வைத்தாள். பிறகு கிடைத்ததெல்லாம் அதிலேதான் சேர்ந்தது. ஆட்டினால் எழும்பிச் சுழன்று, அடியில் மெதுவாக வந்து படியும்.

"இத வித்து என்னாடி வாங்கப் போற?" என்று கேட்காத ஆள் இல்லை. விற்க வேண்டும் என்று அவள் நினைத்ததே கிடையாது. அதைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. விடிந்தால் பெரட்டு, பிறகு மலை, தராசு, தண்ணீர்ப் பீலியடி, அடுப்படி. கங்காணி கூப்பிட்டால் ஓட வேண்டும், புருஷன் கூப்பிட்டால் ஓட வேண்டும், பிள்ளை அழுதால் ஓட வேண்டும். ஆற்றில் இருக்கும் அந்த ஒரு பொழுதில்தான் அவளை யாரும் கூப்பிடுவதில்லை. இதை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? கேட்டவர்கள்மேல் கோபம்தான் வந்தது.

தட்டை வீசிய அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வினையும் வந்து சேர்ந்தது. விளையாட்டில் தோற்றுக்கொண்டிருந்த வீரய்யாவிடம் யாரோ, "எங்கேப்பா ஒம் பொண்டாட்டி?" என்று சீண்டியிருக்கிறார்கள். "அவளுக்கென்னா, ஆத்துல தங்கமா அள்ளிக்கிட்டு இருக்கா. போத்தல்ல போட்டு வச்சிருக்கா" என்று அவன் எரிச்சலில் சொல்லிவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். பொன்னையா கங்காணி மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் சாயந்தரமே கங்காணி லயத்துக்கு வந்தார். பெரிய உடம்பு, கோட்டு, கையில் பிரம்பு. "காட்டு தாயி, பாப்போம்" என்றார். அவர் வாயிலிருந்து 'தாயி' என்று ஒரு சொல் வந்து ராக்காயி கேட்டதில்லை. பெருமையாகப் போத்தலைக் கொண்டுவந்து காட்டினாள். "ஒரே ஒரு பொட்டு குடு, பட்டணத்துல காட்டிட்டுத் தாரேன்" என்றார். கொடுத்தாள். அந்தக் குற்றத்துக்காக அவள் தன்னையே பிறகு எத்தனையோ தடவை திட்டிக்கொண்டாள்.

லிந்துலையில் நகை செய்யும் பத்தர் அதை உரசிப் பார்த்து அசல் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு ராக்காயி ஆற்றுக்குப் போனபோது வளைவில் திருவிழா போலக் கூட்டம். கங்காணியின் ஆட்கள் மண்வெட்டியும் அலவாங்குமாகக் கரையைப் பிளந்துகொண்டிருந்தார்கள். அவள் குந்தும் பாறையைப் புரட்டித் தண்ணீரில் தள்ளியிருந்தார்கள். ஆறு குழம்பிச் சேறாக ஓடியது. கங்காணி கரைமேல் நின்று, "அங்க வெட்டு, இங்க தோண்டு" என்று பிரம்பால் காட்டிக்கொண்டிருந்தார்.

"கங்காணி, கரைய வெட்டாதீங்க! மேல தேயிலச் செடி நிக்குது" என்று கத்தினாள்.

"ஒனக்கென்னா இங்க வேல? போய்ப் புள்ளையப் பாரு."

"நான் காட்டின எடம் இது."

"ஓஹோ! ஒங்கப்பன் ஊருலேருந்து கொண்டாந்த ஆறோ?"

கூட்டம் சிரித்தது. சிரித்தவர்களில் வீரய்யாவும் ஒருவன். முழங்கால் வரை சேற்றில், கையில் மண்வெட்டியோடு நின்றிருந்தான். காலை ஒடிப்பேன் என்று சொன்ன மனுஷன் இப்போது அவளுக்கு முன்பே வந்துவிட்டிருந்தான். மனைவியைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி, தலையைக் குனிந்துகொண்டு வெட்டத் தொடங்கினான்.

ராக்காயி அவனைத் தாண்டி நடந்தாள். சேற்றில் இறங்கித் தன் தட்டை அமிழ்த்தினாள். யாரோ வெட்டி வீசிய மண் அவள் முதுகில் வந்து விழுந்தது. எழுந்து வழித்துப் போட்டுவிட்டு மறுபடி குந்தினாள். இன்னொரு மண்கட்டி தட்டிலேயே வந்து விழுந்தது. அன்றைக்கு அவள் அழுதுகொண்டே வீடு திரும்பினாள் என்று பிறகு மீனம்மா சொன்னாள். ராக்காயி அதை ஒத்துக்கொள்ளவே மாட்டாள். மழைத்தண்ணீர் என்பாள்.

ஞாயிற்றுக்கு ஞாயிறு வெட்டினார்கள். வாளி வாளியாக அள்ளிக் கொட்டினார்கள். பொறுமையாக அரிக்க ஒருவராலும் முடியவில்லை. மஞ்சள் பொட்டு ஒன்றைக்கூட யாரும் பார்க்கவில்லை. பிறகு தென்மேற்கு மழை பிடித்தது. பெருகி வந்த ஆறு குடைந்து கிடந்த கரையை ஒரே இழுப்பில் இழுத்தது. கரைமேல் நின்ற தேயிலை, வரிசை வரிசையாக வேரோடு சாய்ந்து ஆற்றோடு போய்விட்டது.

புதிய தொரை கொழும்பில் பிறந்தவர். வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவோடு வந்து, சரிந்து கிடந்த மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். மறுநாள் காலையில் பெரட்டுக் களத்தில் பொன்னையா கங்காணி உரக்கக் கூப்பிட்டார்: "ராக்காயி! முன்னால வா. அந்தப் போத்தலையும் கொண்டா."

பனி விலகவில்லை. கூடையும் கம்பளியுமாக நின்ற பெண்கள் வழிவிட்டார்கள். ராக்காயி, கரையை வெட்டத் தொடங்கிய நாள் முதல் மடியிலேயே செருகி வைத்திருந்த போத்தலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போய் நின்றாள்.

"தொரை, இவதாங்க. இவதான் மொதல்ல ஆத்துல எறங்கினவ. இவளப் பாத்துத்தான் மத்த சனமும் கெட்டுப்போச்சு" என்றார் கங்காணி.

தொரை அவளைப் பார்த்தார். "ஆத்தங்கரை நீ வெட்டினதா?"

"இல்லீங்க. நான் மண்வெட்டியே தொட்டதில்ல. தட்டு மட்டுந்தாங்க. வெட்டினது கங்காணியாரு ஆளுங்க. அவரேதாங்க மேல நின்னு வெட்டச் சொன்னாரு."

"பொய்யி தொரை!" என்று கங்காணி பாய்ந்தார். "வேணும்னா இவ புருஷனயே கேளுங்க. டேய் வீரய்யா, இங்க வா!"

வீரய்யா வந்தான். தலைத்துண்டைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். களம் முழுவதும் அவன் வாயைப் பார்த்தது. ராக்காயியும் பார்த்தாள். கங்காணி வெட்டச் சொன்னார், நானும் வெட்டினேன். இவ்வளவுதான் அவன் சொல்ல வேண்டியது.

வீரய்யா கங்காணியைப் பார்த்தான், தொரையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"தொரை... அவளுக்குக் கொஞ்ச நாளாப் புத்தி சரியில்லீங்க. என்னா செய்யிறோம்னு அவளுக்கே தெரியாதுங்க. நீங்கதான் பெரிய மனசு பண்ணணும்."

ராக்காயிக்குக் காது அடைத்துப்போயிற்று. அடி வாங்கினாலும் இப்படி இருந்திருக்காது. பின்னால் யாரோ 'ச்சு' கொட்டினார்கள். கங்காணி வேகமாகத் தலையை ஆட்டினார். தொரையின் முகத்தில் கோபம் போய் இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தைப் பார்த்ததும்தான் அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டது.

"எனக்கா புத்தி சரியில்ல?" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "முந்தின தொரை இதே தட்டுலதான், இதே வளைவுலதான் குந்தி இருந்து அரிச்சாரு. அவருக்குப் புத்தி சரியில்லேன்னு யாராச்சும் சொன்னீங்களா? கங்காணி, நீங்க சொன்னீங்களா? அவருக்கு மண்ணு வெட்டிப் போட்டதே நீங்கதானே! சலாம் போட்டுக்கிட்டே வெட்டினீங்களே! தொரை செஞ்சா பொழுதுபோக்கு, ராக்காயி செஞ்சா பைத்தியமா?"

"ஏய், யாருகிட்டப் பேசுற!" என்று கண்டாக்கையா அதட்டினார்.

"எல்லாருகிட்டயுந்தாங்க பேசுறேன். ஆத்துல வெட்டின ஆம்பளைங்க இத்தன பேரு நிக்கிறாங்க. ஒருத்தனுக்கும் வாய் இல்ல. என்னப் பைத்தியமாக்கிட்டு எல்லாரும் நல்லவனாயிட்டீங்க!"

தொரை கையை உயர்த்தினார். "போதும். பேசாதே. தோட்டத்தில எடுத்தது எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். அந்த போத்தல் இங்கே குடு."

கங்காணி கையை நீட்டினார். ராக்காயி அந்தக் கையைப் பார்த்தாள். மோதிரம் போட்ட, தடித்த கை. 'காட்டு தாயி' என்று முன்பு நீண்ட அதே கை. அவள் போத்தலின் மூடியைப் பல்லால் கடித்துத் திருகித் துப்பினாள். நன்றாக ஒரு ஆட்டு ஆட்டினாள். எல்லாம் எழும்பிச் சுழன்றபோது அப்படியே அண்ணாந்து வாயில் கவிழ்த்துக்கொண்டாள். ஒரே மடக்கு. உள்ளே ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தவள் போல, விரலால் தட்டி அதையும் நாக்கில் விழுத்தினாள். வெறும் போத்தலைக் கங்காணியின் கையில் வைத்தாள்.

"இந்தாங்க. கம்பெனிக்குக் குடுத்துருங்க."

பிறகு பெண்கள் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மீனம்மாதான். கம்பளியால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. அது பக்கத்தில் இருந்தவளுக்குத் தொற்றி, வரிசை முழுக்க ஓடியது. கங்காணி வெறும் போத்தலை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். தொரையின் காது சிவந்துவிட்டது.

"ஒரு கிழமை, ஏழு நாள், வேலை இல்லை" என்றார் ராக்காயியிடம். நடக்கத் தொடங்கியவர் திரும்பி, கங்காணியிடம், "உன்னுடைய ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து கரைக்குக் கல்லு கட்ட வேணும். நீயும் வரணும். சம்பளம் இல்லை" என்றார். யார் வெட்டியது என்று அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது! தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார். அது ராக்காயிக்கு இன்னும் கசந்தது.

அன்று வீரய்யா மலையிலிருந்து வந்ததும் வாசலிலேயே நின்றான்.

"வயித்த வலிக்குதா?"

அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"ஒன்னயக் காப்பாத்தத்தான் புள்ள அப்புடிச் சொன்னேன். பத்துச்சீட்டக் கையில குடுத்துத் தோட்டத்த விட்டே வெரட்டிருவாங்கன்னு பயந்துட்டேன்."

"வெரட்டியிருந்தா, நாயமில்லாம வெரட்டினாங்கன்னு எங்கயாச்சும் போய்ப் பொழச்சிருப்பேன். இப்ப இந்தத் தோட்டத்துலயே நான் பைத்தியமா இருக்கணும். அதத்தான் நீங்க எனக்குக் காப்பாத்திக் குடுத்தது."

அவன் மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் ஊதுகுழலை நிலத்தில் ஓங்கிப் போட்ட சத்தத்தில் வெளியே போய்விட்டான்.

சொன்னது போலவே நடந்தது. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றது. மகள் நாகலெட்சுமி பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள். பிள்ளைகள் அவளைப் 'பைத்தியத்து மக' என்று கூப்பிட்டார்களாம். ராக்காயி பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டாள். சேலையை இழுத்துச் செருகினாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே பெரட்டுக் களத்துக் கொட்டகைக்கு நடந்தாள்.

கடுதாசி விளையாட்டு மும்முரமாக இருந்தது. சுற்றி நின்று பார்க்கவும் ஆள். பெண்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. பொன்னையா கங்காணி பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க" என்றாள் ராக்காயி.

வீரய்யா நிமிர்ந்தான்.

"இவளப் பைத்தியத்து மகன்னு சொல்றாங்களாம். நான் பைத்தியமா இல்லையான்னு ஒங்க புள்ளைக்கிட்டச் சொல்லுங்க. இங்கயே. இவுக எல்லாரும் கேக்குற மாதிரி."

"வீட்டுக்குப் போ புள்ள, பேசிக்கலாம்."

"களத்துல சொன்னத வீட்டுல வச்சு அழிக்க முடியாது."

ஒருவரும் சிரிக்கவில்லை. வீரய்யா கையிலிருந்த சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கங்காணி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்குத்தான் அவன் இத்தனை காலம் பயந்தது. சீட்டைக் கவிழ்த்துக் கீழே வைத்தான்.

"ஒங்கம்மாவுக்கு ஒண்ணும் இல்ல தாயி. நல்லாத்தான் இருக்கா. நான்தான் களத்துல பொய் சொன்னேன். கரைய வெட்டச் சொன்னது கங்காணியாரு. வெட்டினவங்கள்ல நானும் ஒருத்தன்."

கங்காணி எழுந்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு, யாரையும் பார்க்காமல் நடந்தார். அதற்குப் பிறகு வீரய்யாவுக்கு நல்ல மலையில் வேலை கிடைக்கவில்லை. செங்குத்தான மலை, கான் வெட்டு, உரமூட்டை என்று கங்காணி அவனைப் பழிவாங்கினார். அவன் முனகாமல் செய்தான். ராக்காயி அவனுக்குச் சோறு போட்டாள், காய்ச்சலுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். ஆனால் பழைய மாதிரி அவனிடம் பேச அவளுக்கு நாக்கு எழவில்லை. மன்னித்துவிட்டாயா என்று மீனம்மா கேட்டதற்கு, "இன்னும் இல்ல" என்றாள்.

ஆற்று வளைவு போனது போனதுதான். கல்லுக் கட்டி, முள்ளுக்கம்பி இழுத்து, காவலுக்கு வாச்சர் ஒருவரையும் போட்டார்கள். தோட்டத்து எல்லைக்குள் ஆற்றில் இறங்கினால் வேலை போய்விடும் என்று பெரட்டில் சொன்னார்கள்.

மழை விட்ட பிறகு ஒரு ஞாயிறு, ராக்காயி தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டாள். வீரய்யா வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான். எங்கே என்று கேட்கவில்லை. "புள்ளைங்கள நான் பாத்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னான். அவள் திரும்பாமல் நடந்தாள்.

எல்லைக் கல்லைத் தாண்டி, சிங்கள நாட்டுப்புறத்து மரக்கறித் தோட்டங்களுக்கு அந்தப் பக்கம், ஆறு அகன்று மணல் திட்டு போட்டிருந்த இடத்தில் இறங்கினாள். முதல் தட்டு மண்ணைச் சுழற்றியபோது மோதிரக் கை நினைவுக்கு வந்தது. கை வேகமாகச் சுற்றிவிட்டது. கருமணல் உட்பட எல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. இரண்டாம் தட்டில் தொரையின் இரக்க முகம் வந்தது. அதுவும் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அள்ளினாள்.

சற்றுத் தள்ளித் துணி அலசிக்கொண்டிருந்த ஒரு சிங்களப் பெண் வெகுநேரம் பார்த்துவிட்டு, எழுந்து பக்கத்தில் வந்தாள்.

"மொக்கத அக்கே கரன்னே?" என்ன செய்கிறாய் என்று கேட்டாள்.

"ரத்தரன்" என்றாள் ராக்காயி. தங்கம்.

அந்தப் பெண் ஈரச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தி, தட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் சிரிப்பாள் என்று நினைத்து ராக்காயி சண்டைக்குத் தயாராக நிமிர்ந்தாள். அவள் சிரிக்கவில்லை. மும்முரமாகத் தேடினாள். "கோ?" என்றாள். எங்கே?

"தாம நே" என்றாள் ராக்காயி. இன்னும் இல்லை.

சொல்லிவிட்டு அடுத்த தட்டு மண்ணை அள்ளினாள். கோபம் தணிந்துவிட்டதா என்றால், இல்லை. நெஞ்சுக்குள் அது அப்படியேதான் இருந்தது. கை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சுற்றத் தொடங்கியிருந்தது.